கொள்ளையடித்தவரும் கண்டெடுத்தவரும்: நியூ ஆர்லியன்ஸ், 2005

2005 ஆகஸ்ட் கடைசியில் நான் ஒரு தமிழ் நாளிதழில் இரவுப் பணியில் இருந்தேன். வெளிநாட்டுச் செய்திகள் என் மேசைக்கு வரும். ஏஜென்சி ஆங்கிலத்தில் அனுப்புவதைத் தமிழாக்கித் தலைப்பு வைத்துப் பக்கம் கட்டுபவரிடம் கொடுக்க வேண்டும். சுனாமி வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. நாகப்பட்டினத்துப் படங்கள் மனதை விட்டுப் போகாத நேரத்தில், கத்ரினா புயலுக்குப் பின் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரம் தண்ணீருக்குள் கிடக்கும் படங்கள் வந்து குவிந்தன. அந்த வாரம் நான் வைத்த தலைப்புகளில் இரண்டில் 'சூறையாடல்' என்ற சொல் இருந்தது. ஒன்றில் 'ஆயுதக் கும்பல்' என்று எழுதினேன். ஏஜென்சியில் அப்படித்தான் இருந்தது. யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் யாரையும் கேட்கவில்லை.

பல வருடம் கழித்து அந்த வாரத்தைத் திரும்பத் தோண்டிப் படித்தபோதுதான், நான் தமிழில் போட்ட செய்திகளில் எத்தனை நடக்கவே இல்லை என்று தெரிந்தது. அந்தச் செய்திகளால் சிலர் செத்தார்கள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

இரண்டு படங்கள்

ஆகஸ்ட் 30, செவ்வாய்க்கிழமை. கத்ரினா புயல் முந்தின நாள் காலையில் கரையைக் கடந்திருந்தது. அன்று ஏபி செய்தி நிறுவனம் அனுப்பிய ஒரு படத்தில் கறுப்பின இளைஞர் ஒருவர் மார்பளவு தண்ணீரில் நடந்து வருகிறார். கக்கத்தில் ஒரு சோடாப் பெட்டி, பின்னால் மிதக்கும் ஒரு பை. மளிகைக் கடையைக் கொள்ளையடித்துவிட்டு இளைஞர் ஒருவர் வெள்ளத்தில் நடந்து செல்கிறார் என்பது படக்குறிப்பு. அதே நாளில் ஏஎஃப்பி என்ற இன்னொரு செய்தி நிறுவனம் வழியாக வந்த படத்தில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும். வெளிர் நிறத்தவர்கள். அதே மார்பளவு தண்ணீர், கையில் அதே மாதிரிப் பொருட்கள். உள்ளூர் மளிகைக் கடையிலிருந்து ரொட்டியும் சோடாவும் கண்டெடுத்த இரு குடியிருப்பாளர்கள் என்றது இந்தப் படக்குறிப்பு.

இரண்டும் யாஹூ செய்திப் பக்கத்தில் வந்தன. வாசகர்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பரப்பினார்கள். ஒருவர் 'இளைஞர்', மற்றவர்கள் 'குடியிருப்பாளர்கள்'. ஒருவர் கொள்ளையடித்தார், மற்றவர்கள் கண்டெடுத்தார்கள்.

இரண்டு தரப்பும் விளக்கம் சொன்னார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். தங்கள் புகைப்படக்காரர் அந்த இளைஞர் கடைக்குள் போய்ப் பொருளோடு வெளியே வந்ததைக் கண்ணால் பார்த்தார் என்றது ஏபி. மற்றப் படத்தை எடுத்தவர், கடைக்குள்ளிருந்து பொருட்கள் மிதந்து வெளியே வந்தன, இவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள் என்றார். இருவரும் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. ஆனால் 'கடைக்குள் போய் எடுத்துக்கொண்டு வந்தார்' என்று எழுதியிருந்தாலும் உண்மை கெட்டிருக்காது. கல்லாவில் ஆளில்லை, ஊரில் குடிக்கத் தண்ணீரில்லை, கடை மூழ்கிக் கிடக்கிறது. அந்த நிலையில் ஒருவர் சோடா எடுத்ததைக் 'கொள்ளை' என்பது பார்த்ததைச் சொல்வது ஆகாது. அது தீர்ப்பு. மற்ற இருவருக்கும் அந்தத் தீர்ப்பு வழங்கப்படவில்லை. என் வாதம் அவ்வளவுதான்.

செப்டம்பர் 2 அன்று என்பிசி தொலைக்காட்சியின் நிதி திரட்டும் நேரலையில் பாடகர் கன்யே வெஸ்ட், எழுதிக் கொடுத்த வசனத்தை விட்டுவிட்டு இதைத்தான் சொன்னார்: ஊடகம் எங்களைக் காட்டும் விதத்தை வெறுக்கிறேன், கறுப்புக் குடும்பம் என்றால் கொள்ளையடிக்கிறார்கள் என்று போடுகிறார்கள், வெள்ளைக் குடும்பம் என்றால் சாப்பாடு தேடுகிறார்கள் என்று போடுகிறார்கள். அவர் அதற்கப்புறம் ஜனாதிபதி புஷ்ஷுக்குக் கறுப்பின மக்கள் மேல் அக்கறை இல்லை என்று சொன்ன ஒரு வரிதான் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. எனக்கு முதலில் சொன்னதுதான் முக்கியமாகப் படுகிறது.

ஏன் அங்கேயே இருந்தார்கள்

"முன்கூட்டியே போகச் சொன்னார்களே, ஏன் போகவில்லை?" அந்த வாரம் எங்கள் அலுவலகத்திலும் இந்தக் கேள்வி எழுந்தது. டிவியில் பேசியவர்களும் கேட்டார்கள். பிடிவாதக்காரர்கள், அரசாங்க உதவியை நம்பியே வாழ்ந்து பழகியவர்கள் என்று பதிலும் அவர்களே சொன்னார்கள்.

கணக்கு வேறு மாதிரி இருந்தது. 2000-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நகரில் ஏறக்குறைய 4,85,000 பேர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு கறுப்பின மக்கள். நகரவாசிகளில் நான்கில் ஒருவருக்கு மேல் வறுமைக் கோட்டுக்குக் கீழே. நான்கில் ஒரு வீட்டுக்கு மேல் கார் கிடையாது. மேயர் ரே நேகின் கட்டாய வெளியேற்ற உத்தரவு போட்டது ஆகஸ்ட் 28, ஞாயிற்றுக்கிழமை. மாதக் கடைசி. உதவித்தொகை முதல் தேதிதான் வரும். கையில் பணமில்லாமல், வண்டியில்லாமல், வயதான அம்மாவை எந்த ஊர் ஓட்டலுக்குக் கூட்டிப் போவது? நியூ ஆர்லியன்ஸ் இருக்கும் லூசியானா மாநிலத்தில் கத்ரினாவால் இறந்தவர்களைப் பற்றிப் பின்னால் வந்த ஒரு மருத்துவ ஆய்வு 971 மரணங்களைக் கணக்கெடுத்தது. அதில் பாதிப்பேர் 75 வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள்.

மூழ்கியது புயலால் மட்டும் இல்லை. வெள்ளத்தைத் தடுக்க அமெரிக்க ராணுவப் பொறியாளர் பிரிவு கட்டிய கால்வாய்ச் சுவர்கள் உடைந்தன. பதினேழாம் தெருக் கால்வாய், லண்டன் அவென்யூ கால்வாய், இண்டஸ்ட்ரியல் கால்வாய். நகரத்தின் 80 சதவீதம் தண்ணீருக்குள் போனது. கட்டியவர்களைப் பற்றிய கேள்விகள் அந்த முதல் வாரத்தில் பின்வரிசையில்தான் இருந்தன. திரையை நிறைத்தது கொள்ளைச் செய்தி.

என்ன சொன்னார்கள், என்ன இருந்தது

சூப்பர்டோம் என்ற விளையாட்டரங்கில் 25,000 பேருக்கு மேல் இருந்தார்கள். கூரை பிய்ந்து, மின்சாரம் போய், கழிவறைகள் நிரம்பி வழிந்த இடம். கன்வென்ஷன் சென்டரில் இன்னும் பல ஆயிரம் பேர். அது முகாமாகத் திட்டமிடப்பட்ட இடமே இல்லை, தண்ணீர் ஏறாத மேட்டுப் பக்கம் என்று மக்கள் போய்ச் சேர்ந்த இடம். வெள்ளிக்கிழமை வரை சாப்பாடும் தண்ணீரும் போய்ச் சேரவில்லை. அங்கே ஆட்கள் இருப்பதே வியாழக்கிழமைதான் தெரியும் என்றார் பேரிடர் நிவாரண அமைப்பான ஃபீமாவின் தலைவர். அதே இடத்தை முந்தியே டிவியில் பார்த்துக்கொண்டிருந்தது நாடு.

அந்த இரண்டு இடங்களைப் பற்றியும் செய்திகள் வந்தன. சூப்பர்டோமில் நூற்றுக்கணக்கில் பிணங்கள். கன்வென்ஷன் சென்டரின் குளிர்பதன அறையில் முப்பது நாற்பது பிணங்கள், அதில் கழுத்தறுபட்ட ஏழு வயதுச் சிறுமி. பச்சைக் குழந்தைகள் பாலியல் வன்முறைக்கு ஆளாகிறார்கள். மீட்பு ஹெலிகாப்டர்களைச் சுடுகிறார்கள். செப்டம்பர் 6 அன்று ஓப்ரா வின்ஃப்ரேயின் டிவி நிகழ்ச்சியில் போலீஸ் தலைமை அதிகாரி எடி காம்பஸ் குழந்தைகளைப் பற்றி இதைச் சொன்னார். மேயர் நேகின், ரவுடிகள் கொலையும் வன்முறையும் செய்வதை ஐந்து நாளாக மக்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்றார். இருவருமே கறுப்பினத்தவர்கள். இதற்குப் பின்னால் வருகிறேன்.

ராணுவச் செய்திகள் போடும் 'ஆர்மி டைம்ஸ்', நியூ ஆர்லியன்ஸில் படைகள் போர் நடவடிக்கை தொடங்கின என்று எழுதியது. எதிர்ப்பக்கமாகக் காட்டிய அமெரிக்கக் குடிமக்களுக்கு அது பயன்படுத்திய சொல் 'கிளர்ச்சி'. ஈராக்கில் இருப்பவர்களைக் குறிக்க வைத்திருந்த சொல். அந்தப் படையின் தளபதி ஒருவர், இந்த இடம் குட்டி சோமாலியா மாதிரி ஆகப்போகிறது என்று அதே இதழிடம் சொன்னார்.

சரி, உண்மையில் என்ன இருந்தது?

தண்ணீர் வடியத் தொடங்கியபின் சூப்பர்டோமுக்கு ஃபீமா மருத்துவர் ஒருவர் பெரிய குளிர்பதன லாரியோடு வந்தார். 200 பிணங்கள் என்று அவருக்குத் தகவல். இருந்தவை ஆறு. நான்கு பேர் நோயாலும் முதுமையாலும் இறந்தவர்கள், ஒருவர் போதை மருந்து அதிகமாகி இறந்தவர், ஒருவர் மேலிருந்து குதித்தவர். கன்வென்ஷன் சென்டரில் கிடைத்த உடல்கள் நான்கு. அதில் கொலை என்று தோன்றியது ஒன்று. குளிர்பதன அறைக் கதையை நிருபரிடம் சொன்ன சிப்பாய் அதைக் கண்ணால் பார்க்கவில்லை, சாப்பாட்டு வரிசையில் நின்றபோது யாரோ சொல்லக் கேட்டது. அந்தப் புயல் வாரத்தில் நகரம் முழுக்க உறுதியான கொலைகள் நான்கு என்றார் மாவட்ட அரசு வழக்கறிஞர். வருடத்துக்கு இருநூறுக்கு மேல் கொலைகள் நடக்கும் ஊர் அது. சாதாரண வாரத்துக் கணக்கு.

செப்டம்பர் 2, வெள்ளிக்கிழமை நண்பகல், ஆயிரம் படைவீரர்களும் போலீசாரும் போருக்குப் போவதுபோல் கவசம் மாட்டிக்கொண்டு கன்வென்ஷன் சென்டருக்குள் நுழைந்தார்கள். இருபது நிமிடத்தில் இடம் அவர்கள் கையில். எதிர்த்தவர் ஒருவரும் இல்லை. தாகத்தோடு காத்திருந்த ஜனங்கள்தான் இருந்தார்கள்.

குற்றமே நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. கடைகள் உடைபட்டன, டிவியும் நகையும் போயின, துப்பாக்கிகளும் திருடுபோயின. ஒரு கார் விற்பனை நிலையத்தில் புத்தம்புதிய காடிலாக் கார்களை எடுத்துக்கொண்டு போனவர்களில் போலீஸ்காரர்களும் இருந்தார்கள். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களில் சிலர் வேறு மாநிலங்களுக்குப் போய்ச் சேர்ந்தபின்தான் வாய் திறந்தார்கள். புகார் வாங்க ஆளில்லாத ஊரில் அது நடக்கக் கூடியதுதான். ஆனால் அந்தப் பெண்களின் உண்மையான துயரத்துக்குக் காது கொடுத்தவர்கள் குறைவு. நடக்காத கழுத்தறுப்புக்குத்தான் உலகம் முழுக்கக் காது இருந்தது.

செய்தி கீழே இறங்கியபோது

இனப் பிம்பங்களைப் பற்றிப் பேசும்போது மனம் புண்படுவதைப் பற்றித்தான் பெரும்பாலும் பேசுகிறோம். நியூ ஆர்லியன்ஸில் அதன் பாதையை மணிக்கணக்கில் பின்தொடர முடிகிறது. அதனால்தான் இந்த நிகழ்வை எடுத்தேன்.

ஆகஸ்ட் 31, புதன்கிழமை. புயல் கரை கடந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. மாடியிலும் பரணிலும் கூரை மேலும் ஆட்கள் சிக்கியிருந்தார்கள். அன்று மாலை மேயர், தேடுதலிலும் மீட்பிலும் இருந்த சுமார் 1,500 போலீசாரை அந்த வேலையை விட்டுவிட்டுக் கொள்ளையைத் தடுக்கப் போகச் சொன்னார். கூரையில் இருந்தவரை விட்டுவிட்டுக் கடையைக் காக்கப் போனார்கள். ஆகஸ்டு வெயிலில் பரணில் கிடப்பவருக்கு ஒரு நாள் என்றால் என்ன என்று விளக்கத் தேவையில்லை.

ஹெலிகாப்டரைச் சுடுகிறார்கள் என்ற செய்தியால் சூப்பர்டோமில் ஆட்களை ஏற்றும் வேலை நின்றது. பிறகு விசாரித்த விமானப்படை அதிகாரிகளால் அப்படி ஒரு சம்பவத்தையும் உறுதி செய்ய முடியவில்லை. பக்கத்து ஊரான ஸ்லைடெல்லுக்குள் போகவிருந்த மருத்துவ உதவிக் குழுவை ஏறக்குறைய பத்து மணி நேரம் தடுத்து வைத்தார்கள். ஆயுதக் கும்பல் படகுகளைப் பறித்துக்கொண்டு அலைகிறது என்று தகவல். விசாரித்தால், மூழ்கிய தெருவிலிருந்து தப்பித்துக்கொண்டிருந்த இரண்டு ஆண்கள்.

மாநில ஆளுநர் காத்லீன் பிளாங்கோ, ஈராக்கிலிருந்து திரும்பிய படை வந்துவிட்டது, துப்பாக்கியில் தோட்டா ஏற்றியாயிற்று, இவர்களுக்குச் சுட்டுக் கொல்லத் தெரியும், தேவைப்பட்டால் செய்வார்கள் என்று பகிரங்கமாகச் சொன்னார். இந்தப் பேச்சை நான் மொழிபெயர்த்தது நினைவிருக்கிறது. 'கண்டதும் சுட உத்தரவு' என்று தலைப்பு வைத்தேன். அவர் அந்தச் சொற்களைச் சொல்லவில்லை. எனக்கு அது பொருத்தமாகத் தோன்றியது, அவ்வளவுதான். ஏன் அவ்வளவு எளிதில் பொருத்தமாகத் தோன்றியது என்பதுதான் நான் இப்போது கேட்டுக்கொள்ளும் கேள்வி.

செப்டம்பர் 1 அன்று நூற்றுக்கணக்கானோர், பெரும்பாலும் கறுப்பின மக்கள், மிஸிஸிப்பி ஆற்றுப் பாலத்தில் ஏறி அக்கரைக்கு நடந்தார்கள். அக்கரையில் தண்ணீர் ஏறவில்லை. அங்கே கிரெட்னா என்ற சிற்றூரின் போலீசார் பாலத்தை மறித்து, தலைக்கு மேலே சுட்டுத் திருப்பி அனுப்பினார்கள். கிரெட்னாவில் கையிருப்பு குறைவு என்பதும், அதற்கு முன் பல ஆயிரம் பேரை அந்த ஊர் பேருந்தில் ஏற்றி அனுப்பியிருந்தது என்பதும் உண்மை. ஆனால் போலீஸ் தலைவர் ஆர்தர் லாசன் சொன்ன காரணம் கையிருப்பு இல்லை. பாலத்தைத் திறந்திருந்தால் எங்கள் ஊரும் நியூ ஆர்லியன்ஸ் மாதிரி கொள்ளைபோய் எரிந்து நாசமாகியிருக்கும் என்றார். அவர் மனதில் பாலத்தில் வந்தது குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்த தாய் இல்லை. டிவியில் பார்த்த கும்பல். வழக்குப் போடலாமா என்று முடிவு செய்யும் குடிமக்கள் குழுவான கிராண்ட் ஜூரி 2007-இல் விசாரித்தது, யார் மேலும் வழக்குப் போடவில்லை.

அதே அக்கரையில் அல்ஜியர்ஸ் பாயிண்ட் என்று ஒரு பகுதி. சுற்றிலும் கறுப்பின மக்கள் வாழ, நடுவில் பெரும்பாலும் வெள்ளையர்கள் வாழும் இடம். அங்குள்ள படகுத் துறையிலிருந்து மக்களை வெளியேற்றிக்கொண்டிருந்தார்கள். அதனால் கறுப்பின மக்கள் அந்தத் தெருக்கள் வழியாகத் துறைக்கு நடந்தார்கள். உள்ளூர்வாசிகள் சிலர் விழுந்த மரங்களைத் தெருவில் போட்டு மறித்து, துப்பாக்கியோடு நின்றார்கள். படகுத் துறைக்குப் போன ஓர் இளைஞர் கழுத்தில் சுடப்பட்டார். அவர் பிழைத்ததே அதிசயம். அந்தப் பகுதியில் குறைந்தது 11 கறுப்பின ஆண்கள் சுடப்பட்டார்கள் என்று 2008 கடைசியில் ஓர் அமெரிக்க வார இதழின் புலனாய்வு வெளிக்கொண்டுவந்தது. அதுவரை மூன்று வருடம் யாரும் விசாரிக்கவில்லை. சுட்டவர்களில் ஒருவருக்குப் பத்தாண்டுச் சிறை கிடைத்தது, 2019-இல். சம்பவம் நடந்து பதினான்காவது வருடம்.

செப்டம்பர் 4, ஞாயிற்றுக்கிழமை காலை, டான்சிகர் பாலம். போலீசார் சுடப்படுகிறார்கள் என்று வயர்லெஸ்ஸில் தகவல். போலீஸ்காரர்கள் வாடகை லாரி ஒன்றில் ஏறிப் போய் இறங்கியதும், பாலத்தில் நடந்துகொண்டிருந்த இரண்டு குடும்பத்தாரைத் துப்பாக்கிகளால் சுட்டார்கள். ஒரு குடும்பம் கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. இன்னொரு பக்கம் சகோதரர்கள் இருவர், பல் மருத்துவரான தங்கள் இன்னொரு சகோதரரின் கிளினிக்கை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். 17 வயதுப் பையன் ஒருவன் இறந்தான். மனவளர்ச்சி குன்றிய 40 வயதுக்காரர் ஒருவர் ஓடும்போது முதுகில் சுடப்பட்டு இறந்தார். நான்கு பேருக்குக் காயம், ஒரு பெண் கையை இழந்தார். யார் கையிலும் ஆயுதம் இல்லை. முதுகில் சுடப்பட்டவரின் அண்ணன், போலீசாரைக் கொல்ல முயன்றார் என்று கைது செய்யப்பட்டு மூன்று வாரத்துக்கு மேல் சிறையில் இருந்தார். போலீசார் ஒரு துப்பாக்கியைக் கொண்டுவந்து பொய் ஆதாரமாக வைத்தார்கள். இல்லாத சாட்சிகளை எழுதினார்கள்.

அன்று ஏஜென்சி அனுப்பிய செய்தி, பாலத்தில் துப்பாக்கி ஏந்திய எட்டுப் பேரைப் போலீஸ் சுட்டது, ஐந்தாறு பேர் பலி என்றது. போலீஸ் துணைத் தலைவர் சொன்னதாக.

அதற்கு இரண்டு நாள் முன்பு அல்ஜியர்ஸ் பகுதியில் 31 வயதுக் கறுப்பினத்தவர் ஒருவரைப் போலீஸ்காரர் ஒருவர் சுட்டார். வழியில் போன ஒருவர் அவரைத் தன் காரில் ஏற்றி உதவி கேட்டுப் போலீஸ் முகாமுக்கே கொண்டுபோனார். உதவி கிடைக்கவில்லை. உடலோடு சேர்த்துக் காரை ஆற்றங்கரையில் வைத்து எரித்தார்கள். எரித்த அதிகாரிக்குத் தண்டனை கிடைத்தது. சுட்டவர் முதலில் குற்றவாளி என்று தீர்ப்பாகி, மறுவிசாரணையில் விடுதலையானார்.

எப்படி எளிதாக நம்பினோம்

வதந்தி எல்லாப் பேரிடரிலும் வரும். ஆனால் எல்லா வதந்தியும் தலைப்பாகாது. ஏற்கெனவே மனதில் ஓர் உருவம் காத்திருந்தால்தான் வதந்தி ஒட்டும்.

ஃபிராங்க்ளின் கில்லியம், சாந்தோ ஐயங்கார் என்ற இரண்டு அரசியல் அறிவியலாளர்கள் 2000-இல் வெளியிட்ட ஒரு பரிசோதனை இதைக் காட்டுகிறது. லாஸ் ஏஞ்சலஸில் சிலருக்கு உள்ளூர் டிவிச் செய்தியைப் போட்டுக் காட்டினார்கள். நடுவில் ஒரு குற்றச் செய்தி. ஒரு குழுவுக்குக் காட்டியதில் குற்றவாளியின் படமும் இல்லை, பேச்சும் இல்லை. பிறகு கேட்டபோது, அந்தக் குழுவில் 60 சதவீதம் பேர் குற்றவாளியைப் பார்த்ததாகச் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களில் 70 சதவீதம் பேர் அவர் கறுப்பினத்தவர் என்றார்கள். காட்டப்படாத முகத்தைப் பார்த்திருக்கிறார்கள், அதற்கு நிறமும் கொடுத்திருக்கிறார்கள். வருடக்கணக்கில் இரவுச் செய்தியில் கைவிலங்கோடு காட்டிய முகங்கள் போட்ட அச்சு அது.

நியூ ஆர்லியன்ஸில் போன் இல்லை, சாலை இல்லை, நேரில் போய்ப் பார்க்க வழியில்லை. தகவல் இல்லாத இடமெல்லாம் அந்த அச்சு நிரப்பியது. பேரிடர்ச் சமூகவியலாளர்கள் 1960-களிலிருந்தே ஆய்ந்து சொன்னது என்னவென்றால், பேரிடரில் பெரும்பாலான மக்கள் ஒருவருக்கொருவர் உதவுகிறார்கள் என்பதுதான். நியூ ஆர்லியன்ஸிலும் அதுவே நடந்தது. பக்கத்து வீட்டுக்காரரை மிதக்கும் கதவில் படுக்க வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். சொந்தப் படகோடு வந்து மீட்டார்கள். காத்லீன் டியர்னியும் அவர் சகாக்களும் 2006-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில், கத்ரினாச் செய்திகள் பேரிடர்ப் பகுதியைப் போர்க்களமாகவும் பாதிக்கப்பட்டவரை எதிரியாகவும் காட்டியதால், நிவாரணம் தர வேண்டிய இடத்தில் ராணுவக் கட்டுப்பாடு வந்ததைக் காட்டினார்கள்.

இனி மேயரும் போலீஸ் தலைவரும் கறுப்பினத்தவர்கள்தானே என்ற கேள்வி. இதைச் சொல்லி, இது இனப் பிரச்சினை இல்லை என்று வாதிட்டவர்கள் உண்டு. எனக்கு இதுதான் இந்த நிகழ்விலேயே கனமான பகுதி. வெளியிலிருந்து ஒட்டும் பிம்பம் அந்தச் சமூகத்தின் உள்ளேயும் குடியேறிவிடுகிறது. இருட்டில் உட்கார்ந்திருந்த சூப்பர்டோம் ஜனங்களே, அந்த மூலையில் இப்படி நடந்ததாம் என்று ஒருவரைப் பார்த்து ஒருவர் பயந்தார்கள். அதிகாரத்தில் இருந்தவருக்கோ இன்னொரு கணக்கும் இருந்தது. உதவி வரவில்லை, எவ்வளவு பயங்கரமாகச் சொல்கிறோமோ அவ்வளவு வேகமாக வரும். ஆனால் அந்தப் பேச்சு கொண்டுவந்தது தண்ணீர் லாரியை அல்ல. முதலில் வந்தது துப்பாக்கி.

சொல் பற்றி இன்னொன்று. வீடிழந்தவர்களை ஊடகங்கள் 'அகதிகள்' என்றன. சொந்த நாட்டுக்குள் இருக்கும் குடிமக்களை அப்படிச் சொல்வதா என்று கறுப்பின உரிமைத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சன் போன்றோர் எதிர்த்தார்கள். இவர்கள் அகதிகள் அல்ல, அமெரிக்கர்கள் என்று ஜனாதிபதி புஷ்ஷே சொல்ல வேண்டி வந்தது. சில பத்திரிகைகள் சொல்லைக் கைவிட்டன, சில விடவில்லை. அகதி என்ற சொல்லின் பாரம் தமிழர்களுக்குத் தெரியும். அதில் இழிவில்லை. ஆனால் நீ இந்த ஊர்க்காரன் இல்லை என்ற அர்த்தத்தை அது சுமந்து வரும்போது, கேட்பவருக்கு வலிக்காமல் இருக்காது.

திருத்தம்

செப்டம்பர் 26 அன்று உள்ளூர் நாளிதழான 'டைம்ஸ்-பிக்காயூன்', தான் போட்டதையும் சேர்த்து, கொலைக் கதைகள் பெரும்பாலும் பொய் என்று விரிவாக எழுதியது. குளிர்பதன அறைச் செய்தியை முதலில் எழுதிய நிருபரே அந்தத் திருத்தத்திலும் உழைத்தார். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். மறுநாள் காம்பஸ் பதவி விலகினார். 2006 பிப்ரவரியில் வந்த அமெரிக்க நாடாளுமன்றக் கீழவைக் குழுவின் அறிக்கை, யாராவது கலவரம் செய்தார்கள் என்றால் அது ஊடகம்தான் என்று எழுதியது.

அதற்குள் பிம்பம் ஊர் தாண்டிப் போய்விட்டது. பெருந்திரளாக மக்கள் போய்ச் சேர்ந்த ஹூஸ்டனில், இவர்களால் குற்றம் பெருகிவிட்டது என்ற பேச்சு வருடக்கணக்கில் ஓடியது. பிறகு குற்றக் கணக்குகளை எடுத்துப் பார்த்த ஆய்வாளர்களுக்குக் கொலையிலும் வழிப்பறியிலும் சிறிய ஏற்றம்தான் தெரிந்தது, பேசிய அளவுக்கு எதுவும் இல்லை. ஆனால் வாடகைக்கு வீடு கேட்டுப் போனவரோ வேலை கேட்டுப் போனவரோ அந்த ஆய்வை எடுத்துக் காட்ட முடியாது. 2000-இல் நியூ ஆர்லியன்ஸில் 3,25,000-க்கு மேல் கறுப்பின மக்கள் இருந்தார்கள். 2010-இல் சுமார் 2,07,000. திரும்பாததற்குக் காரணங்கள் பல: இடிக்கப்பட்ட குடியிருப்புகள், இழப்பீட்டுக் குளறுபடி, வேலை. எல்லாவற்றையும் ஊடகத்தின் தலையில் நான் கட்டவில்லை. ஆனால் திரும்பி வருவதை வரவேற்கிற ஊரா, போனதே நல்லது என்று நினைக்கிற ஊரா என்பது அந்தக் காரணங்களில் ஒன்று. ஒரு ஊர் யாரைப் பற்றி எப்படி நினைக்கிறது என்பதில் எங்கள் மாதிரி ஆட்களுக்குப் பங்கு உண்டு.

டான்சிகர் பால வழக்கு இழுத்தது. 2011-இல் ஐந்து போலீசார் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. அரசு வழக்கறிஞர்கள் இணையத்தில் பெயரை மறைத்துக் கருத்து எழுதியது தெரியவந்து, 2013-இல் நீதிபதி தீர்ப்பை ரத்து செய்தார். 2016 ஏப்ரலில் ஐவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். மூன்று முதல் பன்னிரண்டு வருடம் வரை தண்டனை. அந்த ஆண்டு டிசம்பரில் இந்தப் பாலத்துச் சாவுகள், எரிக்கப்பட்ட உடல், புயலுக்கு முந்தைய இன்னொரு சாவு ஆகியவற்றுக்காக 13.3 மில்லியன் டாலர் இழப்பீட்டுக்கு நகர நிர்வாகம் ஒத்துக்கொண்டது. அப்போதைய மேயர் மிட்ச் லேண்ட்ரூ குடும்பங்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

2005 செப்டம்பர் 5 காலை எங்கள் தாளில் அந்தப் பாலத்துச் செய்தி வந்தது. 'துப்பாக்கி ஏந்திய' என்ற சொற்கள் அதில் இருந்தன. நான் எழுதியவை. பையனின் வயது அதில் இல்லை, அண்ணன் தம்பி இல்லை, கிளினிக் இல்லை. 2011-இல் தீர்ப்பு வந்த நாளிலும் நான் அதே மேசையில்தான் இருந்தேன். அந்தச் செய்தியும் ஏஜென்சியில் வந்தது. அன்று பக்கத்தில் இடமில்லை என்று நானே அதை எடுத்து ஒதுக்கி வைத்தேன்.